ஈர்க்குச்சி வைத்த வாயேஜர்

ரிட்டயர் ஆனபின் கை சும்மா இருக்கவில்லை. தூரத்துக் கோள்களைப் பார்க்க நாசா அனுப்பிய விண்கலம் வாயேஜர்; ஒரே மாதிரி இரண்டு உண்டு, வாயேஜர் 1, வாயேஜர் 2. அதன் 1/48 பிளாஸ்டிக் மாடலை ஆன்லைனில் வாங்கினேன். ஒட்டி முடிக்க மூன்று வாரம் ஆனது.

பெட்டி மூலை நசுங்கித்தான் வந்தது. உள்ளே இரண்டு நீள ஆண்டெனாக்களில் ஒன்று முறிந்திருந்தது. விற்றவரிடம் சொன்னேன். "பார்க்கிறோம் சார்" என்றார், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிஜத்தில் அந்த ஆண்டெனா 10 மீட்டர், மாடலில் 21 செ.மீ. சரி என்று விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, கறுப்பு பெயிண்ட் அடித்து ஒட்டிவிட்டேன். வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பாகங்கள் துல்லியம். 3.7 மீட்டர் டிஷ், காபி டபராவை விடக் கொஞ்சம் சின்னதாக வந்திருக்கிறது. வேற்றுலகத்தார் யாராவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று பூமியின் ஒலிகளைப் பதித்து அனுப்பிய தங்கத்தட்டு, சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. அசல் தட்டில் 55 மொழிகளில் வணக்கம் இருக்கிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, தமிழ் இல்லை. அதற்கு மாடல்காரரைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டியது காந்தமானிக் கையை, அதாவது காந்தப்புலத்தை அளக்கும் கருவியைத் தாங்கும் நீளக் கம்பத்தை. நிஜத்தில் 13 மீட்டர், கலத்தின் சொந்தக் காந்தப்புலம் அளவைக் கெடுக்காதபடி அவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார்கள். விண்வெளியில் அது தொங்காது. என் அலமாரியில் தொங்குகிறது. கேமரா மேடை சுழல வேண்டும். பசை வழிந்து இறுகிவிட்டது. 1981 ஆகஸ்டில் சனியைக் கடந்த கையோடு வாயேஜர் 2-க்கும் இந்த மேடைதான் சிக்கிக்கொண்டது. நாசாக்காரர்கள் பூமியிலிருந்தபடியே அசைத்துச் சரிசெய்து யுரேனஸ், நெப்டியூன் வரை படம் எடுத்தார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

இதெல்லாம் முடிந்து ஒருநாள் படித்தபோதுதான் தெரிந்தது. வாயேஜர் 1-இல் பிளாஸ்மாவை, அதாவது விண்வெளியில் பரவியிருக்கும் மின்னூட்டத் துகள்களை, நேரடியாக அளக்கும் கருவி 1980-லேயே பழுது. 2012 ஆகஸ்டில் அந்தக் கலம் சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் துகள்களின்) எல்லையைத் தாண்டியதை எப்படி உறுதிசெய்தார்கள்? சூரியன் கக்கிய ஒரு வெடிப்பு அங்கே போய்ச்சேர்ந்து பிளாஸ்மாவை அதிரவைத்தது. 2013-இல் அந்த அதிர்வைப் பிடித்து, எல்லைக்கு உள்ளே இருந்ததைவிட வெளியே பிளாஸ்மாவின் அடர்த்தி கூடியிருப்பதைக் காட்டிக்கொடுத்தவை அந்த இரண்டு ஆண்டெனாக்கள்தான். அதில் ஒன்றுக்குத்தான் நான் ஈர்க்குச்சி வைத்திருக்கிறேன்.

வாங்கலாம். பசையும் பெயிண்டும் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். பெட்டி வந்ததும் முதலில் அந்த இரண்டு கம்பிகளையும் எண்ணிப் பாருங்கள்.