வீட்டுக்கு வந்து ஆன்டிபயாடிக் ஏற்றும் சேவை: மாற்றுச் சிறுநீரகக்காரன் கொடுக்கும் மூன்றரை நட்சத்திரம்

மாற்று உறுப்போடு வாழ்பவர்களில் யாராவது வீட்டிலேயே டிரிப்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், இது அவர்களுக்காக. சேவையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஐந்தில் ஒன்றரை நட்சத்திரம் எங்கே போனது என்று மட்டும் சொல்கிறேன்.

எனக்குள் இருப்பது அக்கா கொடுத்த சிறுநீரகம். சிறுநீரக மாற்றுக்குப் பிறகு வரும் பாக்டீரியா தொற்றுகளில் சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்குத்தான் முதலிடம். ஆனால் இந்த முறை சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில்) வளர்ந்தது இ.எஸ்.பி.எல். வகை ஈ.கோலை பாக்டீரியா. செஃப்ட்ரியாக்சோன் மாதிரியான ஆன்டிபயாடிக்குகளையே உடைத்துப் போடும் நொதி அதனிடம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் வரிசையாக ‘ஆர்’, அதாவது அந்த மருந்துக்குக் கிருமி மசியாது. கோட்ரைமாக்சசோலுக்கும் ‘ஆர்’தான். நுரையீரல் தொற்று வராமலிருக்க மாதக்கணக்கில் அதை விழுங்கியவன் நான். என் உடம்பில் வளர்ந்த கிருமி அதற்கு மசியவில்லை என்பதில் என்ன ஆச்சரியம்! அமிகாசின் என்ற மருந்துக்கு ‘எஸ்’, அதாவது கிருமி மசியும் என்று இருந்தது. ஆனால் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்க நான் விழுங்கும் டாக்ரோலிமஸும் அதையே செய்யும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க மருத்துவர் தயாராக இல்லை. மிஞ்சியது கார்பபெனம் வகை ஆன்டிபயாடிக். மெரோபெனம் என்றால் பொதுவாக எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. எர்டாபெனம் நாளைக்கு ஒரே தடவை, அரை மணி நேரத்தில் ஏறிவிடும். காய்ச்சல் இறங்கியதும் மீதி மருந்தை வீட்டில் போட்டுக்கொள்ள அனுப்பிவிட்டார்கள்.

நர்ஸ்களைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. பதிவு செய்யும்போதே, “கையில் பிக் லைன் போட உங்கள் சிறுநீரக மருத்துவர் சம்மதித்தாரா?” என்று கேட்டார்கள். விஷயம் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. பிக் லைன் என்பது கை ரத்தக்குழாய் வழியாக நெஞ்சுவரை போகும் நீளமான குழாய்; அது அந்த ரத்தக்குழாயைக் கெடுத்துவிடலாம். மாற்றுச் சிறுநீரகம் என்றைக்காவது ஓய்ந்துபோனால் திரும்பவும் டயாலிசிஸ். அப்போது ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் செய்யும் ரத்தக்குழாய் இணைப்பு) வைக்கக் கை நரம்புகள் நல்லபடியாக இருக்க வேண்டும். எனக்கு ஏற்கெனவே கழுத்து நரம்பில்தான் மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள்.

தினமும் குழாயின் வாயை ஸ்பிரிட்டால் தேய்த்து, அது காயும்வரை காத்திருந்துதான் ஊசியைப் பொருத்துவார்கள். ஒரு நாள் மருந்துப் பையில் சலைனுக்குப் பதில் குளுக்கோஸ் பாட்டில் வந்திருந்தது. எர்டாபெனத்தைக் குளுக்கோஸில் கலக்கக் கூடாது. வந்திருந்த தம்பி லேபிளைப் பார்த்ததுமே அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, சரியான பாட்டில் வரும்வரை நகரவில்லை. பாட்டிலை மாற்றி அனுப்பிய கிடங்கு மேல் கோபம் வந்தது. அவர் மேல் மரியாதை கூடியது.

சரி, குறைக்கு வருகிறேன். ஊசி போடுவதை நன்றாகச் செய்கிறார்கள், ஆனால் ரத்தப் பரிசோதனையை ஒரு டெலிவரி போலத்தான் நடத்துகிறார்கள். டாக்ரோலிமஸ் அளவு பார்க்க, இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். இவர்களோ “ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் வருவோம்” என்கிறார்கள். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதைவிட மோசம், கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) ஏறியிருந்த ரிப்போர்ட் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் ஆப்பில் வந்தும் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சிறுநீரகம் அதை வடிகட்டும் வேகமான கிரியாட்டினின் கிளியரன்ஸ் முப்பதுக்குக் கீழே போனால் எர்டாபெனம் அளவைப் பாதியாக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடம்பில் தேங்கி மனக்குழப்பம், வலிப்பு வரைக்கும் போகலாம். சனிக்கிழமை நானே மாற்று சிகிச்சை ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அளவைக் குறைக்கும் நிலைக்கு அது போகவில்லை என்பது வேறு கதை. அதைக் கவனிக்க வேண்டியது யார் என்று சேவை மையத்தில் கேட்டதற்கு, “ரிப்போர்ட் அப்லோட் ஆகிவிட்டதே சார்” என்றார்கள்.

அவர்கள் கொடுக்கும் அறிவுரைத் தாளும் பொதுவான ஆட்களுக்கு எழுதியது. “காய்ச்சல் வந்தால் அழையுங்கள்” என்கிறது. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் எங்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் தொற்று முற்றலாம். குழாயை ஃப்ளஷ் செய்ததும் (சலைன் விட்டுக் கழுவியதும்) குளிர் நடுக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடு என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். எனக்கு அதைச் சொன்னது வார்டு நர்ஸ்.

கடைசியில் ‘நிறைவுப் பேக்கேஜ்’ என்று ஒரு சிறுநீர் கல்ச்சரை விற்கப் பார்த்தார்கள். என் மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார். அறிகுறி இல்லாதபோது தேடிப் பிடித்த கிருமிக்கு மருந்து கொடுத்தால், அடுத்து வருவது இன்னும் முரட்டுக் கிருமியாக இருக்கும் என்றார். சிறுநீரக மாற்று முடிந்து ஒரு மாதம் தாண்டியவர்களுக்கு அறிகுறி இல்லாமல் இப்படித் தேட வேண்டாம் என்றுதான் 2019-இல் வந்த அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்க வழிகாட்டுதலும் சொல்கிறது.

திரும்பத் தேவைப்பட்டால் ஊசிக்கு இவர்களையேதான் கூப்பிடுவேன். ரத்தம் மட்டும் மருத்துவமனை லேபில் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் நேராக மாற்று சிகிச்சைக் குழுவுக்குப் போகும்படி எழுதி வாங்கிக்கொள்வேன்.