கன்சாஸ் கூடைப்பந்து, காலை அரட்டை: 13 வருட அனுபவம்

2012 பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை, காலை 6:10. தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ், எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்தில்: "தொண்டை எப்படி இருக்கு?"

முந்தின நாள் லாரன்ஸில், கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஃபீல்ட்ஹவுஸில், மிசூரிக்கு எதிரான மேட்ச். ஆபீஸில் கூட வேலை பார்ப்பவரின் மனைவிக்கு உடம்பு சரியில்லை, அதனால் அந்த சீட் எனக்குக் கிடைத்தது. மிசூரி அந்த சீசனோடு வேறு கான்ஃபரன்சுக்கு, அதாவது கல்லூரி டீம்கள் சேர்ந்து ஆடும் வேறொரு லீக்குக்குப் போகிறது, 1907-லிருந்து ஆடி வந்த இரண்டு டீம்களும் இனி எப்போது சந்திக்கும் என்று யாருக்கும் தெரியாது, இந்த நிலையில் நம்ம டீம் 19 பாயிண்ட் பின்தங்கி, அங்கிருந்து எழுந்து வந்து, ஓவர்டைமில் 87-86 என்று ஜெயித்தது. ஓவர்டைமுக்கு முன்னால் கடைசி நொடிகளில் நம்ம தாமஸ் ராபின்சன் மிசூரி வீரர் போட்ட பந்தைத் தட்டிவிட்டபோது பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கல் இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெளியே வரும்போது நம்பர் வாங்கிக்கொண்டார். காலையில் மெசேஜ் அனுப்பியது அவர்தான். "குரலே வரலை" என்று பதில் போட்டேன். பத்து நிமிஷத்தில் பதினோரு பேர் இருந்த ஒரு குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்.

13 வருடம் ஆகிவிட்டது. இந்த மாதிரி குழுக்கள் ஒரு சீசன் ஓடி அடங்கிப்போவதைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன், என்னையே நாலைந்தில் சேர்த்திருக்கிறார்கள், எதுவும் இப்போது இல்லை. இது மட்டும் ஏன் நிலைத்தது, தினமும் காலையில் இதைத் திறப்பதால் எனக்கு என்ன கிடைத்தது, எங்கே இது சரியில்லை, எல்லாவற்றையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதல் காரணம் விவசாயி. குழுவில் ஒருவர் மாநிலத்தின் மேற்குப் பக்கம் கோதுமை போடுகிறவர். இரவு ஒன்பதுக்குள் படுத்துவிடுவார், விடிகாலை நாலரைக்கு எழுவார். கல்லூரி கூடைப்பந்தில் பெரிய மேட்ச்கள் பல இரவு எட்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். அவர் ரெக்கார்டு போட்டுவிட்டுப் படுத்து, எழுந்ததும் காபியோடு பார்ப்பார். அவர் பார்த்து முடித்து "பார்த்தாச்சு" என்று ஒரு வார்த்தை போடும்வரை யாரும் மேட்ச் பற்றி வாய் திறக்கக் கூடாது. நான் சேருவதற்கு முன்பே இருந்த வழக்கம் இது. யாரும் விதி என்று எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒருவர்கூட மீறி நான் பார்த்ததில்லை.

இந்த ஒரு வழக்கம்தான் குழுவைக் காப்பாற்றியது என்று உறுதியாகச் சொல்வேன். தோற்ற இரவில் மனசு ஒரு மாதிரி இருக்கும். ஃப்ரீ த்ரோ தவறவிட்ட இருபது வயசுப் பையனைப் பற்றி அந்த நேரத்தில் நாம் எழுதுவதை, அவன் அம்மா படித்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்கிற நிலையில் இருக்க மாட்டோம். தூங்கி எழுந்தால் அதே விஷயத்தை வேறு மாதிரி சொல்வோம். "அந்தப் பையன் கால் இழுத்து இழுத்து ஓடினான், கவனிச்சீங்களா?" என்று ஆரம்பிக்கும்.

2017 பிப்ரவரி 13-ஐ மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை இரவு, வெஸ்ட் வர்ஜீனியா மேட்ச். மூணு நிமிஷம்கூட இல்லை, 2:58 பாக்கி, நம்ம டீம் 14 பாயிண்ட் பின்னால். அங்கிருந்து சமன் செய்து, ஓவர்டைமில் 84-80. அன்றைக்கு அரங்கத்தின் சத்தம் 130.4 டெசிபல் என்று கின்னஸில் பதிவானது. மறுநாள் காலை 5:25-க்கு விவசாயியிடமிருந்து வந்தது: "பார்த்தாச்சு. பரவாயில்லை, நைஸ்மித்தே 60 தோத்தவர்தான்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது: மேட்ச் நீண்டதால் அவருடைய ரெக்கார்டிங் இரண்டு மணி நேரத்தோடு நின்றிருக்கிறது. 14 பாயிண்ட் பின்தங்கிய இடத்தோடு முடிந்துவிட்டது. தோற்றோம் என்று நினைத்து, மனசைத் தேற்றிக்கொண்டு, பனியில் மாடுகளுக்குத் தீனி வைக்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறார் மனுஷன். மற்ற எல்லோரும் ஒரே நேரத்தில் டைப் செய்கிறோம், யாரும் அனுப்பவில்லை, யார் சொல்வது? கடைசியில் பெரியவர்தான் பெரிய எழுத்தில் போட்டார்: "மிச்சத்தைத் தேடிப் பாரு. மாடு காத்திருக்கும்." அதற்குப் பிறகு நாற்பது நிமிஷம் குழுவில் சத்தமே இல்லை. ஆறரைக்கு விவசாயி ஒரு குரல் பதிவு அனுப்பினார், அதில் சிரிப்பும் மூச்சும் தவிர வேறொன்றும் இல்லை.

நைஸ்மித் 60 என்றால் என்ன என்று சொல்கிறேன். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித், 1898-ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து அந்த டீமின் முதல் கோச் ஆனார். 55 வெற்றி, 60 தோல்வி. ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற கன்சாஸ் கோச் இன்றுவரை அவர் ஒருவர்தான், ஆட்டத்தையே உண்டாக்கியவர்! அவர் கல்லறையும் லாரன்ஸில்தான் இருக்கிறது. அவர் எழுதிய விதிகளின் டைப் அடித்த அசல் தாள்களை 2010-ல் டேவிட் பூத் என்ற முன்னாள் மாணவர் 43 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார், இப்போது அரங்கத்தை ஒட்டிய கட்டடத்தில் போய்ப் பார்க்கலாம். தோற்ற மறுநாள் யாராவது ஒருவர் இந்த 60-ஐச் சொல்லாமல் எங்கள் அரட்டை தொடங்காது. வேலையில் ஏதாவது சொதப்பினால்கூட இப்போது என் மனசுக்குள் அந்த எண்தான் வருகிறது.

சரி, சீசன் இல்லாதபோது? ஏப்ரலில் முடிந்தால் நவம்பர் வரை மேட்ச் கிடையாது. சேர்ந்த புதிதில் இனி அக்டோபர் வரை குழு தூங்கும் என்று நினைத்தேன். இல்லை. மே மாதத்தில் காலை மெசேஜ் என்பது முக்கியமாக மழை. விவசாயி வீட்டு மழைமானியில் எத்தனை அங்குலம், மற்றவர்கள் வீட்டுப் பக்கம் எவ்வளவு, ஆலங்கட்டி விழுந்ததா. ஜூனில் அறுவடை. ஆலன் ஃபீல்ட்ஹவுஸில் மேட்ச் ஜெயிக்கும் நேரத்தில் அத்தனை பேரும் கையைத் தூக்கி இரண்டு பக்கமும் ஆட்டுவார்கள், "கோதுமை அசைப்பது" என்று அதற்குப் பெயர். நானும் வருடக்கணக்காக ஆட்டினேன். 2015 ஜூனில் அறுவடைக்கு இரண்டு நாள் முன்னால் அவர் வயலை வீடியோ எடுத்து அனுப்பினார், காற்றில் மொத்த வயலும் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. நாங்கள் அத்தனை பேரும் கையால் செய்துகொண்டிருந்தது இதைத்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்தச் சும்மா பேச்சுதான் சீசனைத் தாங்குகிறது. ஜூலையில் ஒருவர் முழங்கால் ஆபரேஷனைப் பற்றிப் பேசியிருந்தால், ஜனவரியில் அவர் கோச் மேல் எரிந்து விழும்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

2020-ஐ நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. 28 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கில், நாட்டிலேயே முதலிடத்தில் டீம் இருந்தபோது மார்ச் 12-ம் தேதி தேசியப் போட்டியையே ரத்து செய்தார்கள். மறுநாள் காலை யாரும் ஒன்றும் எழுதவில்லை, ஏழு மணி வரை. பிறகு குழுவில் இருக்கிற நர்ஸ், இரவு ஷிப்ட் முடித்து காரில் உட்கார்ந்தபடி, "எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்டார். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்று போட்டோம். அந்த வருடம் முழுக்க அதுதான் எங்கள் காலை. பேச மேட்ச் இல்லை, வெறும் "இருக்கேன்". ஊரில் அம்மா அப்பாவைப் பார்க்கப் போக முடியாமல் கிடந்த எனக்கு அந்த ஒரு வார்த்தைக்காகவே எழுந்திருக்கத் தோன்றியது.

2022 ஏப்ரல் 4, தேசியப் போட்டியின் ஃபைனலைச் சொல்லாமல் விட்டால் குழுவில் திட்டுவார்கள். நியூ ஆர்லியன்ஸ், எதிரே நார்த் கரோலினா. ஹாஃப் டைமில் 40-25 என்று பின்தங்கியிருந்தோம். நான் "முடிஞ்சுது" என்று டைப் செய்து, இரவு எழுதக் கூடாது என்று ஞாபகம் வந்து, ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். நம்ம டேவிட் மெக்கார்மக் கடைசி ஒன்றரை நிமிஷத்தில் இரண்டு கூடை போட, 72-69. மறுநாள் குழுவைத் திறந்தால் இரவு மெசேஜ் ஒன்றுகூட இல்லை. லாரன்ஸில் மாசசூசெட்ஸ் தெருவில் நடுராத்திரி கூட்டத்தில் நின்றவர்கள்கூட எழுதவில்லை. விவசாயியின் "பார்த்தாச்சு" மட்டும் அன்றைக்கு 3:50-க்கே வந்திருந்தது.

குறைகளுக்கு வருகிறேன். ஒன்று, பழைய எஸ்எம்எஸ் குழுவிலிருந்து ஒரு சாட் செயலிக்கு மாறியபோது இரண்டு பெரியவர்களால் உள்ளே வர முடியவில்லை, நாங்களும் மூன்று வாரம் கவனிக்கவில்லை. ஒருவர், தன்னை வேண்டுமென்றே விட்டுவிட்டோம் என்று நினைத்துவிட்டார். நேரில் போய் அவர் போனில் செயலியைப் போட்டுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது அவர் எவ்வளவு வருத்தப்பட்டிருக்கிறார் என்று. மாறுகிறவர்கள் ஆளை எண்ணிப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

இரண்டாவது, 2021-க்குப் பிறகு பேச்சின் சுவை கொஞ்சம் குறைந்துவிட்டது. டீம் மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்ற விதி போய்விட்டது, அதே வருடம் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றும் ஆனது. பையன்கள் சம்பாதிப்பது நியாயம்தான், நான் அதற்கு முழு ஆதரவு. ஆனால் ஃபிராங்க் மேசன் மாதிரி ஒருவர் நாலு வருடம் இங்கேயே ஆடி, 2017-ல் நாட்டின் சிறந்த வீரராக ஆனதைக் கூட இருந்து பார்ப்பதும், ஒவ்வொரு வசந்தத்திலும் பாதி டீமின் பெயரைப் புதிதாகக் கற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. ஏப்ரல் காலைகளில் இப்போது யார் போனார், யார் வந்தார் என்ற கணக்குதான் ஓடுகிறது, சில நாள் படிக்காமலே மூடிவிடுகிறேன்.

மூன்றாவது, ஒரு சண்டை. 2023 அக்டோபரில் விசாரணைக் குழு, தகுதியில்லாத ஒரு வீரர் ஆடியதற்காக, 2017-18 சீசனின் 15 வெற்றிகளையும் அந்த வருட ஃபைனல் ஃபோரையும் (தேசியப் போட்டியின் கடைசி நாலு டீமில் வந்ததையும்) கணக்கிலிருந்து நீக்கியது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தப்பு தப்புதான், அதற்காக அரங்கத்தில் தொங்கவிட்ட கொடியை இறக்குவது சரி என்றார். பெரியவர், "நான் கண்ணால் பார்த்த மேட்சை யார் அழிக்க முடியும்" என்றார். இருவரும் ஒன்பது நாள் ஒருவருக்கொருவர் பேசவில்லை. ஆனால் ஒன்பது நாளும் இருவரும் காலை வணக்கம் மட்டும் தவறாமல் போட்டார்கள். என்னைக் கேட்டால் ஆசிரியர் சொன்னதுதான் சரி, ஆனால் பெரியவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பத்தாம் நாள் மழை பெய்தது, அளவு கேட்டு ஆசிரியர்தான் ஆரம்பித்தார்.

அரசியல் கிடையாது, பந்தயக் காசுப் பேச்சு கிடையாது. ஒரு நாளைக்கு எனக்கு ஆகும் நேரம் பத்துப் பதினைந்து நிமிஷம், ஃபில்டர் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். உடனுக்குடன் புள்ளிவிவரம், வீரர் சேர்க்கைச் செய்தி வேண்டும் என்கிறவர்களுக்கு இது சரிப்படாது, எல்லாம் எட்டு மணி நேரம் பழசாகத்தான் வரும். காலையில் எழ முடியாதவர்களுக்கும் கஷ்டம்தான், எட்டு மணிக்கு மேல் அங்கே ஆளே இருக்காது.

போன ஜனவரியில் என் மகனை முதல் தடவையாக ஆலன் ஃபீல்ட்ஹவுஸுக்குக் கூட்டிப்போனேன், மதிய மேட்ச். அவனுக்கு ஒன்பது வயது. பெரியவர் அந்த அரங்கத்துக்குள் முதலில் கால் வைத்தது 1955 மார்ச் 1, திறப்பு விழா மேட்ச் அன்று, கன்சாஸ் ஸ்டேட்டை 77-67 என்று ஜெயித்த இரவு, அப்பாவோடு. அவருக்கும் அப்போது ஒன்பது வயது. நாங்கள் போய் வந்த மறுநாள் காலை அவருடைய கேள்வி எனக்கு வரவில்லை, "சின்னவனுக்கு" என்று வந்தது: "மேல் ஜன்னல் வழியா வெயில் வந்துச்சா?"

மகனிடம் போனைக் கொடுத்தேன். பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டியபடியே நின்று டைப் செய்தான். ஏன்டா எல்லாம் பெரிய எழுத்தில் அடிக்கிறாய் என்று கேட்டேன். "தாத்தா அப்படித்தானே எழுதியிருக்கார், அவருக்கு அப்படி இருந்தாதான் கண்ணு தெரியும் போல" என்றான். அவன் அனுப்பியது: "வந்துச்சு. எங்க சீட் வரைக்கும் வந்துச்சு."