257-ஆம் பக்கத்து ராட்சசன்: மான்ஸ்டர் மேனுவலோடு பத்து வருடம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தில் வரும் ஜீவன்களைப் பட்டியலிடும் புத்தகம் மான்ஸ்டர் மேனுவல். என்னுடையதைப் போன வாரம்தான் திருவல்லிக்கேணியில் பைண்டிங்குக்குக் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைக்கக்கூட இல்லை, நண்பனிடமிருந்து போன். "புது மான்ஸ்டர் மேனுவல் வந்திருக்கேடா, வாங்கலாமா, இல்ல உன்கிட்ட இருக்கிற பழசே போதுமா?" போனில் நான் சொன்ன பதில் அவசரத்தில் சொன்னது. நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகம், 352 பக்கம். 2015-இல் வாங்கினேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டத்துக்கு நான்தான் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்தி எதிரிகளை இறக்குபவன்) என்பதால் இந்தப் புத்தகம் பெரும்பாலும் என் மடியிலேயேதான் இருந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கீழ்த்தட்டில் இருந்த புத்தகம் பாதி நனைந்தது. விசிறிக்கு அடியில் நான்கு நாள் விரித்து வைத்துக் காய வைத்தேன், ஆனால் முதுகு பிடிப்பு விட்டுப்போய், இந்த வருடம் ஒவ்வொரு ஃபாரமாக (சேர்த்துத் தைத்த பக்கக் கட்டு) கையோடு வர ஆரம்பித்தது.

பைண்டிங் கடைப் பெரியவர் பக்கங்களை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர் 257-இல் நின்றுவிட்டார். பட்டு அங்கி போட்ட மனித உடம்பு, அதன் மேல் புலித்தலை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது யாரு தம்பி, நரசிம்மரா?" ராட்சசன் என்று சொன்னேன். "ராட்சசனுக்கு எதுக்குப் புலி மூஞ்சி? கோரப்பல்லு போதாதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஃபாரத்துக்குப் போய்விட்டார்.

பத்து வருடமாக இந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு வரும் கோபத்தை அந்தப் பெரியவர் இரண்டே வரியில் கேட்டுவிட்டார். பிஹோல்டரோ ஆந்தைக்கரடியோ எப்படி இருந்தாலும் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, ஆட்டத்தை எழுதியவர்கள் படைத்தது, அவர்கள் இஷ்டம். ராட்சசன் அப்படியில்லை. என் பாட்டி சோறு ஊட்டும்போது சொன்ன ஆள் அவன். மயிலாப்பூர் பங்குனித் திருவிழாவில் பூத வாகனம் வரும்போது அப்பா தோளில் உட்கார்ந்து நான் பார்த்த அந்த உருட்டு விழிக்குப் பங்காளி. தெருக்கூத்தில் அவன் வரும்போது புஜக்கட்டையும் கிரீடமும் முதலில் தெரியும், அப்புறம்தான் முகம். அவனை நரகத்திலிருந்து வந்த ஒரு பிசாசு என்று எழுதி, புலித்தலை வைத்து, உள்ளங்கை இருக்க வேண்டிய இடத்தில் புறங்கையைத் திருப்பி ஒட்டி, 'ஆர்' எழுத்தில் மற்ற மிருகங்களோடு வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள். எங்கள் மேஜையில் ஆறு பேர். ஆறு பேருக்கும் ராட்சசன் என்றால் யார் என்று தெரியும். முதல் தடவை படத்தைக் காட்டியபோது ஆறு பேருமே "இது ராட்சசன் இல்லையே" என்றார்கள்.

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கமே, ரசிகர்கள் கேள்வி கேட்பதும் வடிவமைத்தவர்கள் உட்கார்ந்து பதில் எழுதுவதும்தான். 1979-இலேயே இந்த ஆட்டத்துக்கான டிராகன் பத்திரிகையில் 'சேஜ் அட்வைஸ்' என்ற பகுதியை அதற்காகவே தொடங்கிவிட்டார்கள். ஐந்தாம் பதிப்பில் அந்த வேலையைச் செய்தவர் வடிவமைப்பாளர்களில் ஒருவரான ஜெரமி கிராஃபோர்ட். அவர் பதில்களில் ஒன்று எங்கள் மேஜையில் ஒரு பெரிய சண்டையையே தீர்த்தது. சிவப்பு டிராகன் நெருப்பைக் கக்குகிறது, எங்கள் மந்திரவாதி, மந்திரம் எதையும் செல்லாமல் ஆக்கும் ஆன்டிமேஜிக் ஃபீல்டுக்குள் பத்திரமாக நிற்கிறார், நெருப்பு உள்ளே வருமா வராதா? டிராகனே மாயப்பிறவி, அதன் மூச்சு மட்டும் எப்படி மாயமில்லாமல் போகும் என்று ஒரு கட்சி. கிராஃபோர்டின் பதில் பொறுமையாக ஐந்து கேள்வி கேட்கச் சொல்கிறது. அது மந்திரப் பொருளா, மந்திரமா, மந்திரத் தாக்குதலா, ஸ்பெல் ஸ்லாட்டில் (மந்திரம் போட ஒருவருக்கு இருக்கும் ஒதுக்கீடு) ஓடுகிறதா, மேஜிக்கல் என்று அதன் வர்ணனையிலேயே எழுதியிருக்கிறதா? ஐந்துக்கும் இல்லை என்றால், உலகத்தின் இயற்கையிலேயே ஊறியிருக்கும் மாயம் வேறு, ஒருவர் ஏவிவிடும் மந்திரம் வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். ஆக, நெருப்பு உள்ளே வரும். மந்திரவாதி கருகினார். ஆனால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, ஏனென்றால் பதிலில் காரணம் இருந்தது.

அப்படிக் காரணம் சொல்லத் தெரிந்தவர்களிடம்தான் நான் 257-ஆம் பக்கத்துக்கும் காரணம் எதிர்பார்க்கிறேன். சேஜ் அட்வைஸில் வருவதெல்லாம் விதியின் சொல்லுக்கு விளக்கம். இந்த ஜீவன் எங்கிருந்து வந்தது, ஏன் இப்படி ஆனது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அதற்கு நாம் பழைய கதைகளைத்தான் தோண்ட வேண்டும். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 2008-இல் இறப்பதற்குச் சில வருடம் முன்புகூட ரசிகர்களின் கேள்விகளுக்கு அலுக்காமல் பதில் எழுதியவர். ரஸ்ட் மான்ஸ்டர், ஆந்தைக்கரடி, புலெட் என்ற மூன்று ஜீவன்களும் ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளிலிருந்து வந்தவை என்ற கதை இந்த ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கடையில் பை ஒன்றில் போட்டு விற்ற பொம்மைகள். அவற்றை மேஜையில் வைத்து விளையாடி, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை கொடுக்கலாம் என்று யோசித்திருக்கிறார்கள். அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து ரஸ்ட் மான்ஸ்டர் மேல் எனக்குத் தனிப் பாசம். பாரிமுனையில் நடைபாதைக் கடையைக் கடக்கும்போதெல்லாம் பிளாஸ்டிக் டைனோசர் பையை ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன்.

ராட்சசனின் கதை அப்படி மனதைத் தொடவில்லை. எழுபதுகளில் ஒளிபரப்பான ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் அத்தியாயத்தில் ராட்சசன் வருகிறான், ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டுச் சாகிறான். 1977-இல் வந்த முதல் மான்ஸ்டர் மேனுவலிலும் அதே அம்புதான் அவனைக் கொல்லும். படம் வரைந்த டேவிட் டிராம்பியர் புலித்தலை வைத்து, கையில் புகைக்குழாயோடு சாய்ந்து உட்கார வைத்தார். அழகான படம், அதில் சந்தேகமே இல்லை. அந்த ஒரு படம்தான் நாற்பது ஐம்பது வருடமாகப் பதிப்புக்குப் பதிப்பு தொடர்கிறது. வால்மீகியும் கம்பனும் எழுதிய ஆளுக்கு ஒரு அத்தியாயமும் ஒரு ஓவியமும்தான் பூர்வீகமா என்று நினைக்கும்போது இப்போதும் மனசு ஆறவில்லை.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். இந்தப் புத்தகத்தில் நான் மேஜையில் இறக்கிய ஜீவன்களில் இந்த ராட்சசன் அளவுக்கு நன்றாக வேலை செய்தது வேறு எதுவுமே இல்லை.

2018-இல் முதல் தடவை இறக்கினேன். செந்நாவன் என்று பெயர் வைத்தேன். கட்சி, அதாவது சேர்ந்து சாகசம் செய்யும் பாத்திரங்களின் குழு, பதினோராவது லெவல். ஆறாம் லெவலும் அதற்குக் கீழும் உள்ள மந்திரம் எதுவும், அவனே விரும்பினாலொழிய, அவனைத் தொடாது. பதினோராவது லெவல் மந்திரவாதியிடம் இருக்கும் மிகப்பெரிய ஸ்லாட்டே ஆறுதான். மொத்தப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருந்த பையன் மந்திரங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் கூரையைத் தாங்கும் தூணை உடைத்து அவன் தலையில் இறக்கினான். விழுவது கல், மந்திரம் இல்லை, அதனால் படும் என்று தீர்ப்புச் சொன்னேன். அப்புறம் இன்னொரு சிக்கல். நல்லவர் ஒருவர் கையில் இருக்கும் மந்திர ஆயுதம் குத்தினால் அவனுக்கு இரட்டிப்புச் சேதம். எங்கள் ஈட்டிக்காரியின் பாத்திரத் தாளில் 'கேயாட்டிக் நியூட்ரல்' என்று, அதாவது நல்லவளும் இல்லை கெட்டவளும் இல்லை என்று இருந்தது. "நான் மூணு கிராமத்தைக் காப்பாத்தியிருக்கேன், நான் நல்லவ இல்லையா?" என்று அவள் கேட்ட கேள்விக்கு முக்கால் மணி நேரம் எல்லோரும் பேசினோம். அன்றைக்குச் சாப்பாடு ஆறியே போனது. கடைசியில் தாளில் இருப்பதே கணக்கு என்றேன், அவளும் ஒப்புக்கொண்டு, இரட்டிப்பு இல்லாமலேயே அவனைக் கொன்றாள்.

257-ஆம் பக்கத்தில் ஒரு சின்னப் பத்தி இருக்கிறது. ராட்சசன் இங்கே செத்தால் நரகத்துக்குத் திரும்புகிறான், உடம்பு மறுபடி உருவாகப் பல மாதமோ வருடமோ ஆகும், எழுந்ததும் எல்லாம் ஞாபகம் இருக்கும், கொன்றவரைத் தேடி வருவான். நான் அந்தப் பத்தியை அப்படியே எடுத்துக்கொண்டு நிஜமாகவே மூன்று வருடம் காத்திருந்தேன்.

2021. ஊரடங்கு. ஆறு பேரும் ஆறு சின்னச் சதுரங்களில். வேறு ஊர், வேறு கதை, ஆற்றைக் கடக்கப் படகு வேண்டும். படகோட்டி ஒருவர், வயதானவர், ஊர்க்கதை பேசிக்கொண்டே துடுப்பு போட்டார். கரை சேர்ந்ததும் ஈட்டிக்காரி, "கூலியை அவர் கையில வைக்கிறேன்" என்றாள். வேஷம் போடும் மந்திரம் கண்ணைத்தான் ஏமாற்றும், தொட்டால் நிஜம் தெரிந்துவிடும் என்பது விதி. நான் சொன்னது ஒரே வரி: "பார்க்க உள்ளங்கைதான். ஆனா காசு விரல் முட்டியில பட்டு உருளுது."

யாரும் பேசவில்லை. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது மட்டும் கேட்டது. அப்புறம் அவள் மெதுவாக, "செந்நாவன்" என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் எல்லோருக்குமே வீட்டில் ஏதோ ஒரு கவலை, எந்த நேரம் எந்தப் போன் வருமோ என்றுதான் இருந்தோம். அன்றைக்கு இரவு மட்டும் வேறு ஒரு பயம், நாங்களே தேர்ந்தெடுத்த பயம். எதை இத்தனை வருடம் திட்டினேனோ அந்தத் திருப்பி வைத்த கைதான் அதைக் கொடுத்தது.

சரி, நண்பனின் கேள்விக்கு வருகிறேன். 2025 பிப்ரவரியில் வந்த புது மான்ஸ்டர் மேனுவல் 384 பக்கம், ஐந்நூறுக்கும் மேல் ஜீவன்கள். சேலஞ்ச் ரேட்டிங் (எந்த ஜீவன் எவ்வளவு கடினம் என்ற அளவு) வரிசைப் பட்டியல் இப்போது இந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. பழையதில் அதற்காக டன்ஜன் மாஸ்டர் கைடைத் தனியாகத் திறக்க வேண்டும், நடு ஆட்டத்தில் அது ஒரு தலைவலி. ராட்சசன் விஷயத்திலும் ஒரு நல்ல மாற்றம் உண்டு. நல்லவரா என்ற பேச்சை எடுத்துவிட்டு, பிளெஸ் என்ற ஆசி மந்திரம் பெற்றவரின் ஆயுதம் குத்தினால் இரட்டிப்பு என்று எழுதியிருக்கிறார்கள். 1977-இன் ஆசீர்வதித்த அம்பு திரும்பி வந்துவிட்டது, முக்கால் மணி நேரச் சண்டையும் மிச்சம். எண்ணிப் பார்த்தால் எல்லா விதத்திலும் புதியதே மேல். புலித்தலை மட்டும் அப்படியே இருக்கிறது.

வாங்காதே என்றுதான் நண்பனிடம் சொன்னேன். இப்போது எழுதும்போதும் அதையேதான் சொல்கிறேன். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு வேண்டும். அவள் நல்லவளா இல்லையா என்று நாங்கள் ஆறு பேர் சோறு ஆறுவது தெரியாமல் பேசிய அந்தச் சண்டைக்கு இடம் கொடுத்தது பழைய புத்தகத்தின் அந்த ஒரு வரி. கிராஃபோர்டும், 2014 புத்தகத்தை முன்னின்று உருவாக்கிய கிறிஸ் பெர்கின்ஸும் 2025-இல் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள். இனிமேல் வரும் கேள்விகளுக்கு வேறு யாரோ பதில் எழுதுவார்கள். அவர்களில் ஒருவராவது புலித்தலைக்குக் காரணம் சொன்னால் அன்றைக்கே புது புத்தகம் வாங்கிவிடுவேன்.

பைண்டிங் நன்றாக வந்திருக்கிறது. பழைய அட்டையையே வைத்து, முதுகுக்குச் சிவப்புக் காலிகோ ஒட்டி, எல்லா ஃபாரத்தையும் மறுபடி தைத்துக் கொடுத்தார். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்திருப்பதாகச் சொன்னார், லேசாக வாசனை வருகிறது. 280 ரூபாய். இப்போது மேஜையில் விரித்து வைத்தால் 257 தானாகவே திறந்து, கை எடுத்தாலும் மூடாமல் நிற்கிறது. நண்பன் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வருகிறான். அவன் கட்சி இப்போது பத்தாவது லெவல்.