கோத்தகிரிச் சோலைக்கு எந்த செகண்ட் ஹேண்ட் லென்ஸ்?

அக்கா மகன் போன மாதம் மூன்று விளம்பரங்களை அனுப்பியிருந்தான். மூன்றும் நிக்கான் கேமராவுக்குப் பொருந்தும் பழைய டெலி லென்ஸ்கள்: நிக்கானின் 300 மி.மீ. எஃப்/4டி, நிக்கானின் 200-500 எஃப்/5.6, சிக்மாவின் 150-600 கன்டெம்ப்ரரி. (மி.மீ. ஏற ஏற தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும், எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் நுழையும்.) கீழே ஒரே ஒரு வரி: "எது வாங்கட்டும் மாமா? 600தானே பெரிசு?"

அவனிடம் இருப்பது நிக்கான் டி7200 கேமரா. வீடு கோத்தகிரியில். வாரம் ஒருமுறை லாங்வுட் சோலை என்ற அடர்ந்த மலைக்காட்டுப் பக்கம் போவான், வருடத்தில் இரண்டு மூன்று முறை முதுமலை. இந்த விவரம் இல்லாமல் எந்த லென்ஸ் நல்லது என்று பேசவே முடியாது. சமவெளியில் ஏரிக்கரையில் நின்று கொக்கும் நாரையும் எடுப்பவருக்கு வெளிச்சம் கொட்டிக் கிடக்கும், பறவைதான் தூரம். சோலைக்குள் நேர்மாறு. பறவை பக்கத்தில் வரும், வெளிச்சம்தான் வராது.

கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. ஆளைக் கண்டு பெரிதாகப் பயப்படாது. அசையாமல் நின்றால் நாலைந்து மீட்டர் தூரத்தில், முழங்கால் உயரத்தில், பெரணிச் செடிக்குப் பக்கத்துக் குச்சியில் வந்து உட்காரும். உட்கார்ந்த இடத்திலேயே சில நொடிகள் இருந்து, தலையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கும். அதை எடுக்க 600 மி.மீ. தேவையில்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்கும் அங்கே மாலை ஆறரை மணி போலத்தான் இருக்கும்.

300 எஃப்/4 என்னுடைய லென்ஸ், பல வருடப் பழக்கம். 200-500ஐ நண்பர் ஒருவர் இரவல் கொடுத்தார். சிக்மாவை விற்க நினைத்தவர் குன்னூர்க்காரர், ஒரு காலை முழுக்க வைத்திருந்து பார்க்கச் சொன்னார், நல்ல மனசு. மூன்றையும் எடுத்துக்கொண்டு நானும் அக்கா மகனும் சோலைக்குப் போனோம்.

மூடுபனி இறங்கியிருந்த அன்று என் லென்ஸில் எஃப்/4, 1/125 நொடி, ஐஎஸ்ஓ 1600 என்று கேமராவின் ஒளிமீட்டர் காட்டியது. (ஐஎஸ்ஓ என்பது கேமராவின் ஒளி உணர்திறன், அதை ஏற்ற ஏற படத்தின் தரம் குறையும்.) அதே இடத்தில் எஃப்/5.6 என்றால் ஐஎஸ்ஓ 3200, எஃப்/6.3 என்றால் 4000. டி7200இல் 1600க்கும் 4000க்கும் நடுவே இறகின் நுணுக்கம் குறைவது கண்ணுக்கே தெரியும். ஆகவே 300தான் வெல்லும் என்று நினைத்துத்தான் போனேன்.

அவன் கையில் அது வெல்லவில்லை. 300 எஃப்/4டி 2000ஆம் ஆண்டு லென்ஸ், அதில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் விஆர் கிடையாது. டி7200 போன்ற சிறிய சென்சாரில் 300 மி.மீ. என்பது 450 போல நடந்துகொள்ளும். கையில் பிடித்து எடுக்க 1/450 நொடிக்கு மேல் வேகம் வேண்டும் என்பது பழைய கணக்கு. 1/125இல் அவன் எடுத்த இருபது படங்களில் தேறியது இரண்டு. நான் மோனோபாட் என்ற ஒற்றைக்கால் தாங்கி வைத்து, மூச்சை அடக்கி எடுத்துப் பழகியவன். முதல் லென்ஸ் வாங்குபவனிடம் அந்தப் பழக்கத்தை எதிர்பார்க்க முடியாது. 200-500ஐ 300இல் வைத்து, விஆரைப் போட்டு, 1/60இல் எடுக்கச் சொன்னேன். ஐஎஸ்ஓ மறுபடி 1600க்கே வந்துவிட்டது, பாதிக்கு மேல் கூர்மையாக இருந்தன. அசையாமல் உட்காரும் பறவை என்பதால்தான் இது நடந்தது. துள்ளிக்கொண்டே இருக்கும் நீலகிரிச் சிரிப்பானிடம் 1/60 பலிக்காது. விஆர் நம் கையைத்தான் நிறுத்தும், பறவையை நிறுத்தாது. அப்போது எஃப்/4இன் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம் மறுபடி பொன்னாகிவிடும்.

300க்கு இன்னும் இரண்டு பலம் உண்டு. 1.45 மீட்டர் வரை கிட்டே ஃபோகஸ் ஆகும். 200-500க்கு 2.2 மீட்டர் வேண்டும், சிக்மாவுக்கு 2.8. 300இன் எடை 1,440 கிராம்தான். 200-500, டிரைபாடில் மாட்டும் காலர் வளையத்தோடு 2,300, சிக்மா 1,930. கோத்தகிரி ஏற்றத்தில் இரண்டு மணி நேரம் நடந்தால் அந்த எண்ணூற்றுச் சொச்சம் கிராம் தோளில் உட்கார்ந்து பேசும். 300க்குப் பலவீனமும் உண்டு. அதன் டிரைபாட் காலர் ஆட்டம் காணும் என்பது பழகியவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஃபோகஸ் மோட்டார் கீச்சென்று சத்தமிட ஆரம்பித்த லென்ஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் 1.4 மடங்கு கன்வெர்ட்டர் போட்டால் 420 மி.மீ. எஃப்/5.6 ஆகிவிடும். நீளம் கூடும், ஆனால் எந்த வெளிச்சத்துக்காக அதை வாங்கினோமோ அது போய்விடும்.

முதுமலையில் கதை மாறுகிறது. தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக முடியும், இறங்க முடியாது. வண்டி எங்கே நிற்குமோ அங்கேதான் படம். சாலையோரம் யானை நின்றால் 300இல் அதன் கண்ணும் காதின் ஓரமும்தான் வரும். அடுத்த நிமிடம் தூரத்து மரத்தில் பருந்து. அங்கே ஜூம் இல்லாமல் கை கட்டிப் போட்ட மாதிரி இருக்கும். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் வண்டியே அதிரும், ஆகவே ஷட்டர் வேகத்தையும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

சரி, இரண்டு ஜூம்களில் எது? 300 மி.மீ. அளவில் இரண்டும் எஃப்/5.6தான். 400ஐ நெருங்கும்போது சிக்மா எஃப்/6.3க்கு இறங்கிவிடும், நிக்கான் 500 வரைக்கும் 5.6லேயே நிற்கும். சிக்மாவின் கடைசி நூறு மி.மீ. மலையில் அவ்வளவு உதவாது என்பது என் கருத்து. தொட்டபெட்டா பக்கம் எதிர்ச் சரிவில் நிற்கும் காட்டெருமையை 600இல் எடுத்துப் பாருங்கள், நடுவில் இருக்கும் பனியையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறோம். சிக்மாவுக்கு ஆதரவாக எடை இருக்கிறது, எந்த அளவிலும் ஜூமைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. 200-500இன் ஜூம் வளையத்தை ஒரே திருப்பில் கடைசி வரை கொண்டுபோக முடியாது, கையை மாற்றிப் பிடிக்க வேண்டும். அதில் ஃபோகஸை 6 மீட்டருக்கு மேல் மட்டும் தேடச் சொல்லும் ஒரு ஸ்விட்சும் உண்டு. அதை அப்படியே விட்டுவிட்டுச் சோலைக்குள் போனால் நாலு மீட்டரில் இருக்கும் பறவை பிடிபடவே பிடிபடாது. அக்கா மகன் அன்று கால் மணி நேரம் அதோடு போராடினான்.

இன்னொன்று, டி90 போன்ற பழைய நிக்கான் கேமரா பாடி வைத்திருப்பவர்கள் 200-500ஐ வாங்கக் கூடாது. அதன் அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) மின்காந்தத்தில் இயங்குவது, அந்தப் பாடிகளால் அதைக் கட்டுப்படுத்த முடியாது. அவர்களுக்கு 300 அல்லது சிக்மா.

கேனான்காரர்களுக்குச் சுருக்கமாக: 400 எஃப்/5.6 எல் அருமையான லென்ஸ்தான், ஆனால் 3.5 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது, நடுக்கம் தடுக்கும் வசதியும் இல்லை, சோலைக்கு ஒத்துவராது. 1998இல் வந்த முதல் 100-400 போதும். அதை முன்னும் பின்னும் தள்ளித்தான் ஜூம் செய்ய வேண்டும், ஈரக்காற்றும் தூசியும் உள்ளே போகும் வழி அது என்பதால் பூஞ்சை பார்க்காமல் வாங்காதீர்கள்.

பூஞ்சைதான் மலையில் லென்ஸின் எமன். என் முதல் லென்ஸை வெளியே மட்டும் துடைத்துப் பார்த்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் பார்த்தபோது கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் போல வெள்ளைக் கிளைகள் படர்ந்திருந்தன. விற்றவர் திருப்பி எடுக்கவில்லை. சுத்தம் செய்து கொடுத்த பிறகும் அந்தத் தடம் கண்ணாடியின் பூச்சில் அரித்தபடியே இருந்தது, வெயிலுக்கு எதிராக எடுத்தால் படம் வெளிறிப்போகும். ஆகவே நேரில் போங்கள், டார்ச் எடுத்துப் போங்கள், அபெர்ச்சரை முழுக்கத் திறந்துவைத்து இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். அப்புறம் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிப் படம் எடுத்து, நாலு மூலையும் ஒரே மாதிரி கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் கீழே விழுந்திருக்கலாம்.

வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. ஈரம் 40க்கும் 50க்கும் நடுவே இருந்தால் நல்லது. அரிசியில் போட்டு வைக்காதீர்கள், மாவு உள்ளே போகும். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது, அந்த இரண்டு மாதமும் சிலிக்கா ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டும். கூடலூர்ப் பக்கம் ஆனியிலேயே ஆரம்பித்துவிடும். குளிரிலிருந்து நேராக அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்திருங்கள்.

அக்கா மகனுக்கு 200-500 என்று சொன்னேன். விளம்பரத்தில் இருந்ததைப் பார்க்க ஊட்டிக்குப் போனோம். டார்ச் அடித்ததும் உள்கண்ணாடியில் இரண்டு மூன்று நூல்கள் தெரிந்தன. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். குன்னூர்க்காரரின் சிக்மா உள்ளே பளிங்கு போல இருந்தது. அதைத்தான் வாங்கினான்.