செரமிக் கோற்றிங் நல்லதுதான், கிணற்றுத் தண்ணிதான் விடுதில்லை

"அடிச்சது இன்னும் நிக்குதோ, நானும் செய்யலாமோ?" என்று என் காரின் செரமிக் கோற்றிங்கைப் பற்றி, சுசுகி வாகன் ஆர் வைத்திருக்கும் கூட்டாளி ஒருவர் கேட்டிருந்தார். பெயின்ரின் மேல் பூசி இறுக விடும் மெல்லிய காப்புப் படலம்தான் அது. இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் உள்ள காரின் பெயின்ரைக் காப்பாற்றுவதுதான் புத்தி என்று யாழ்ப்பாணத்திலும் கன பேர் பொலிஷுக்கும் கோற்றிங்குக்கும் போனார்கள். இங்கே சொல்லப்போகும் என் கறுப்பு வாகன் ஆரும் அப்படிப் போனதுதான். மாரிகளும் கோடைகளும் கண்டுவிட்டது, கோற்றிங் நிற்கிறது. ஆனாலும் "ஓம், செய்யுங்கோ" என்று சொல்ல வாய் வருகுதில்லை. எல்லாம் தண்ணியால் வந்த வினை.

குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றில் ஊறுவது அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணி. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிற அதே கல்சியம் காபனேற்றுத்தான் பொனற்றிலும் பிடிக்கிறது. கோற்றிங் இல்லாத காரில் தண்ணி பரந்து காய்வதால் ஒரு மங்கலோடு போய்விடும். கோற்றிங் அடித்த காரில் தண்ணி உருண்டு மணிமணியாக நிற்கும். ஒவ்வொரு மணியும் தன்னில் கரைந்திருந்த சுண்ணாம்பு முழுவதையும் ஒரு சின்ன வட்டத்துக்குள் இறக்கிவிட்டுத்தான் காயும். விளம்பரத்தில் காட்டும் அந்த வடிவான நீர்மணிகள்தான் இங்கே வில்லங்கம். கதவுகளில் வழிந்து போய்விடும். கூரையும் பொனற்றும் படுத்த தட்டுகள், அங்கே வழிய இடமில்லை. கறுப்பு நிறத்தில் அம்மைத் தழும்பு மாதிரி வட்டம் வட்டமாகத் தெரியும்.

அதிலும் பக்கக் கண்ணாடி. கழுவி, துடைத்து, துணியைப் பிழிந்து கொடியில் போட்ட பிறகு அதன் அடியில் ஒளிந்திருந்த சொட்டு மெல்ல இறங்கும். கதவின் நடுவில் ஒரு கோடு, கோட்டின் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி. பின் கதவின் லைற் ஓரம், கதவுப் பிடியின் குழி, நம்பர் தகட்டின் கீழ்ப் பக்கம் எல்லாம் இதே சேட்டைதான். கதவுகளையும் பின் கதவையும் ஒருக்கால் திறந்து அடித்துச் சாத்திவிட்டு, திரும்பவும் ஒரு சுற்றுத் துடைக்க வேண்டும்.

கறையில் இரண்டு வகை உண்டு. மேலே படிந்து நிற்பது அமிலத்துக்குக் கரையும். வெயிலில் கிடந்து கோற்றிங்கையும் தாண்டி கிளியர் கோற்றை, அதாவது பெயின்ரின் மேலுள்ள நிறமில்லாத படையைத் தின்று குழி விழுத்தியது எதற்கும் கரையாது, பொலிஷ் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். பொலிஷ் பிடித்தால் அந்த இடத்துக் கோற்றிங்கும் சேர்ந்து போய்விடும். முதல் வகைக்கு நிறமில்லாத வினாகிரி ஒரு பங்கு, ஆர்ஓ தண்ணி (வடிகட்டி உப்பு எடுத்தது) ஒரு பங்கு. நிழலில், கை வைத்தால் குளிரும் தட்டில், மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் போட்டு ஒரு நிமிடம் விட்டு, அழுத்தாமல் துடைத்து, உடனே ஷாம்பூ போட்டுக் கழுவ வேண்டும். காய விடக்கூடாது. தேசிக்காய் தேய்க்கச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள்; சக்கை கீறும், சாறு பிசுபிசுக்கும், வேண்டாம். இப்படிச் சுண்ணாம்பை எடுத்த பிறகு, "கோற்றிங் செத்துப்போச்சு" என்று நினைத்த கூரையில் தண்ணி திரும்ப உருண்டு ஓடும். கோற்றிங் உயிரோடுதான் இருந்திருக்கிறது, மேலே சுண்ணாம்பு மூடியிருந்தது. கடைக்காரர் புதுக் கோற்றிங் அடிக்கச் சொல்லுமுன் இதைச் செய்து பார்ப்பது காசுக்கு நல்லது.

வராமல் தடுக்க ஒரே வழி கடைசித் தண்ணியை மாற்றுவது. முதல் அலசலும் ஷாம்பூவும் கிணற்றுத் தண்ணியிலேயே போகலாம், தட்டு காயாமல் இருந்தால் சரி. கடைசியில் எட்டுப் பத்து லீற்றர் ஆர்ஓ தண்ணியைக் கூரையிலிருந்து ஊற்ற வேண்டும். தூவக்கூடாது. பூவாளியின் தலையைக் கழற்றிவிட்டு, ஒரே ஒழுக்காக மெதுவாக விட்டால் தண்ணி பாய் சுருட்டினமாதிரி நிற்கிற துளிகளையும் இழுத்துக்கொண்டு இறங்கும். டீடிஎஸ், அதாவது தண்ணியில் கரைந்திருப்பவற்றின் அளவு, 50க்குக் கீழே உள்ள தண்ணி போதும். மாரியில் பீப்பாவில் பிடித்த மழைத்தண்ணி இன்னும் திறம், ஆனால் கூரை ஓட்டைக் கழுவி வரும் முதல் தண்ணியை ஓட விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். கழுவும் நேரம் காலை வெயில் ஏறுமுன், இல்லாவிட்டால் ஐந்து மணிக்குப் பிறகு.

இவ்வளவு திட்டிய பிறகு நியாயத்தையும் சொல்ல வேண்டும். சோளகம் தொடங்கினால் உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் புழுதி காரில் ஒரு படை இருக்கும். கோற்றிங் இல்லாத காரில் அதைத் துணியால் தேய்த்து எடுப்பதால்தான் வெயிலில் தெரியும் அந்தச் சுழல் கீறல்கள் விழுகின்றன. இந்தக் காரில் பிறஷரில் தண்ணி அடித்தாலே முக்கால்வாசி இறங்கிவிடுகிறது. கை வைக்கும் வேலை குறைந்ததால் கறுப்பு இன்னும் கறுப்பாக இருக்கிறது, இது சின்ன விசயமில்லை. காக்கை எச்சமும் வேப்பம்பழமும் ஈரத்துணிக்கே வந்துவிடும். ஆனால் நாள் முழுக்க வெயிலில் விட்டால் எச்சம் இதையும் தின்னும். கோற்றிங் தருவது தவணைதான். கார்த்திகை மழையில் நனைந்து வந்து நிற்கும்போது காரைப் பார்க்கவேண்டும். மழைத்தண்ணியில் சுண்ணாம்பு இல்லை.

பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைக்கு ஓடுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கடல் உப்பால் கறள் தொடங்குவது கதவின் உள் மடிப்பிலும் சில்லு வளைவிலும். கோற்றிங் அங்கே போவதே இல்லை.

கடையில் கவனிக்க வேண்டியது முன்வேலைதான், போத்தலில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பது அதற்குப் பிறகு. முதலில் தடிப்பு மீற்றர் வைக்கச் சொல்லுங்கள். ஜப்பான் சின்னக் கார்களில் கொம்பனிப் பெயின்ற் பெரும்பாலும் 80 முதல் 130 மைக்ரோனுக்குள் இருக்கும். 200ஐத் தாண்டினால் திரும்ப அடித்த பெயின்ற், அதற்கும் மேலே எகிறினால் கீழே நெளிவை நிரப்பிய பட்டி. கிளியர் கோற் மட்டும் ஏறக்குறைய 40 மைக்ரோன், தேய்த்துப் பொலிஷ் பிடிக்கும் கம்பவுண்ட் ஒவ்வொரு முறையும் அதில் சிலதைத் தின்னும். நகம் தட்டுப்படும் கீறலைத் துரத்த விடாதீர்கள். இரும்புத் துகள் கரைக்கும் மருந்து, ஒட்டிய அழுக்கைத் தேய்த்தெடுக்கும் களிமண் கட்டி, பொலிஷ் என்று போய், கடைசியில் ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பொலிஷின் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கும். துடைக்காமல் மேலே அடித்தால் கோற்றிங் பெயின்ரில் ஒட்டாது, நாள் போகக் கீறலும் வெளியே வரும்.

எங்கள் வெக்கையில் கோற்றிங் வேகமாக இறுகும். இரண்டடிக்கு இரண்டடியாகப் பூசித் துடைக்க வேண்டும், ஒரு கதவு முழுக்கப் பூசிவிட்டுப் போனுக்குப் பதில் சொன்னால் வானவில் திட்டு நிற்கும். இறுகின பிறகு அதற்கும் பொலிஷ்தான். முதல் 24 மணித்தியாலம் தண்ணி படக்கூடாது, ஒரு கிழமைக்கு ஷாம்பூ வேண்டாம். கோற்றிங் விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் கடினத்தின் அளவு, படலையில் உரசினால் கீறும். ஐந்து வருட உத்தரவாதம் என்று தரும் கடதாசியில், வருடாவருடம் காசு கட்டிப் பரிசோதிக்க வேண்டும் என்ற வரி பெரும்பாலும் கீழே இருக்கும், வாசியுங்கள்.

ஆக, வெள்ளை அல்லது சில்வர், கொட்டிலுக்குள் நிற்கும் கார் என்றால் யோசிக்காமல் செய்யலாம். கறுப்பு, முற்றத்தில் வெயிலில் நிற்பது, கிணற்று மோட்டரில் கழுவுவது என்றால் வேண்டாம். ஒரு தடவை பொலிஷ் பிடித்து ஆறு மாதத்துக்கு ஒருக்கால் சீலன்ற் (மெழுகு மாதிரிப் பூசும் காப்பு) பூசினால் போதும், கறை விழுந்தாலும் மனம் நோகாது. இந்த வாகன் ஆரின் கூரையில் மட்டும் குழிக்கறை விழுந்துவிட்டது, பொலிஷ் பிடிக்கத்தான் வேண்டும். மாரி ஈரம் விடட்டும் என்று மாசியில் நாள் கேட்டாயிற்று. வேண்டாம் என்று மற்றவர்களுக்குச் சொன்னாலும், அந்தச் செம்மண் புழுதியை நினைத்தால் எனக்கு பொலிஷ் முடிய மேலே திரும்பவும் செரமிக்தான்.