புது எஸ்யூவி: கொம்பனி தருவது எது, வன்னிக்குப் பூட்ட வேண்டியது எது

ஷோரூமில் எஸ்யூவி பார்க்கப் போனால் இரண்டு தாள் கையில் வரும். ஒன்று நாம் எடுக்கிற கிரேட்டுக்குரிய (அதாவது அந்த மொடலின் வசதிப் படிக்குரிய) விபரத்தாள், மற்றது அக்சசரி விலைப்பட்டியல். கூடுதலான ஆட்கள் இரண்டாவதைத்தான் ஆசையோடு புரட்டுகிறார்கள். வன்னியில் ஆளை நடுத்தெருவில் நிறுத்துவது முதலாவது தாளில் இல்லாமல் போன சாமான்தான்.

முதலில் டிக்கியைத் திறந்து தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். இப்போது வருகிற பல எஸ்யூவிகளில், அதிலும் ஹைபிரிட்டுகளில், ஸ்பெயார் சில்லு இல்லை. அந்த இடத்தில் ஒரு போத்தல் பசையும் சின்னக் காற்றுப் பம்பும் இருக்கும். இந்தப் பசை ரயரின் ஓடுபரப்பில் ஏறிய ஆணித் துளையை, ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் அளவு வரைக்கும், அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. கிறவல் றோட்டில் கூர்க்கல் வெட்டுவதும், குழியின் விளிம்பில் மோதி ரயர் வெடிப்பதும் அநேகமாகப் பக்கச்சுவரில்தான். ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில் இரவு பத்து மணிக்கு, யானை வருகிற பக்கத்தில், பசைப் போத்தலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போத்தலில் காலாவதித் திகதி வேறு உண்டு. அதைப் பார்ப்பவர் குறைவு.

ஆகவே விலை பேசும்போதே மூன்றில் எது என்று கேளுங்கள்: முழு அளவு ஸ்பெயார், ஒடுக்கமான தற்காலிக ஸ்பெயார், இல்லை பசைப் போத்தல். ஒடுக்கமான ஸ்பெயாருக்கு வேக எல்லை பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீற்றர், காற்று 60 பிஎஸ்ஐ. சாதாரண ரயரைப் போல 33 அடித்து வைத்தால் அவசரத்துக்கு உதவாது. பசைப் போத்தல்தான் என்றால் அக்சசரிக்கு ஒதுக்கிய காசில் முதல் செலவு ஒரு ஸ்பெயார் சில்லாக இருக்கட்டும். பூட்ட வேண்டிய இடத்தில் ஹைபிரிட் பற்றரி இருந்தால் அந்த ஸ்பெயாரை டிக்கிக்குள் பெல்ட் போட்டுக் கட்டத்தான் வேண்டும். பசைப் போத்தலோடு வருகிற வாகனங்களில் ஜக்கும் சில்லு கழற்றும் சாவியும்கூட இல்லாமல் இருக்கலாம். அவற்றோடு ஒரு அடிக்கு ஒரு அடி தடித்த பலகைத் துண்டையும் போட்டு வையுங்கள். மாரியில் ஊறிய செம்மண்ணில் ஜக் நேரே கீழே இறங்கும்.

அடுத்தது சில்லின் அளவு. பெரிய அலோய் சில்லு உள்ள கிரேட்டுக்குக் கூடக் காசு கொடுப்பது இந்தப் பக்கத்தில் தலைகீழான வேலை. ஜப்பானில் விற்கிற ரொயோட்டா யாரிஸ் குரொஸை எடுத்துக்கொள்வோம். கீழ்க் கிரேட்டுக்கு 205/65 ஆர்16, மேல் கிரேட்டுக்கு 215/50 ஆர்18. முதல் எண் ரயரின் அகலம் மில்லிமீற்றரில், அடுத்தது அதில் எத்தனை வீதம் பக்கச்சுவர் என்பது, கடைசி சில்லின் அங்குலம். அகலத்தை வீதத்தால் பெருக்கிப் பாருங்கள்: முதலாவதின் பக்கச்சுவர் 133 மில்லிமீற்றர், இரண்டாவதினது 107. இரண்டரைச் சென்றிமீற்றர் ரப்பரும் காற்றும் குறைகிறது. குழியில் விழுந்தால் அந்த அடியை விளிம்பு வாங்கும். அலோய் வளைந்தால் தட்டி எடுக்கலாம் என்பார்கள், வெடிப்பு விட்டால் குப்பைதான். 16 அங்குல ரயர் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடையில் கிடைக்குமா, 18 கிடைக்குமா என்று கையெழுத்துப் போட முதல் இரண்டு கடைக்கு அழைப்பெடுத்துக் கேளுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு ஜப்பானிலிருந்து நேரே வருகிற எஸ்யூவிகள்தான் ஏ9 வீதியில் அதிகம் தெரிகின்றன. ஜப்பானில் ஃபுளோர் மற், கதவுக் கண்ணாடி மேலே வருகிற மழைத் தடுப்பு இரண்டும் ஸ்ராண்டட் (கொம்பனியே பூட்டித் தருவது) அல்ல, அங்குள்ள விற்பனையாளர் பூட்டிக் கொடுப்பவை. அதனால் இங்கே வந்த வாகனத்தில் மற் இல்லையென்றால் யாரோ களவெடுத்ததாக எண்ண வேண்டாம். அதேபோல, பட்டியலில் பெருமையாக எழுதியிருக்கிற சில சாமான் இங்கே வெறும் பாரம். கண்ணாடியடியில் இருக்கிற ஜப்பான் நெடுஞ்சாலைக் கட்டணப் பெட்டி, ஜப்பான் வரைபடத்தோடு வந்த நவிகேஷன், ஜப்பான் ரீவி ரியூனர் எல்லாம் அந்த வகை. ஜப்பான் வானொலி 76 முதல் 95 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம்முடைய எஃப்எம் 108 வரை போவதால், அன்ரனா வயரில் பூட்டுகிற ஒரு சின்னப் பாண்ட் எக்ஸ்பாண்டர் வேண்டிவரும். மலிவுச் சாமான், கேட்டால் சும்மாவே பூட்டித் தருவார்கள். போனை இணைக்கிற டிஸ்பிளே ஓடியோ இருக்கிற கிரேட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அது வீணில்லை.

ஃபுளோர் மற் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். சேறு, நெல்லு உமி, கடற்கரை மணல் எல்லாம் ஏறுகிற இடத்தில் விளிம்பு உயர்ந்த ரப்பர் தட்டு மற்தான் சரி. ஆனால் சாரதிப் பக்கத்து மற் தரையில் இருக்கிற கொளுக்கியில் மாட்டுப்பட வேண்டும். பழைய மற்றின் மேலே புதிதை விரிக்கவே கூடாது. நகர்ந்தால் அக்சிலரேற்றரின் கீழே போய்ச் செருகும். 2009இல் அமெரிக்காவில் ரொயோட்டா ஏறக்குறைய 38 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது இந்த மற் பிரச்சினைக்குத்தான். சீற் கவரிலும் இதே கவனம் வேண்டும். சீற்றின் பக்கத்தில் எயார்பாக் என்று எழுதிய சின்னச் சீலைத்துண்டு தெரிந்தால் அந்தத் தையல் வழியாகத்தான் பக்க எயார்பாக் வெளியே வரும். முழுதும் இறுக்கித் தைத்த லெதர் கவர் அதை மறிக்கும். அந்த இடத்தில் திறந்து விட்ட, அல்லது பிரிகிற தையல் போட்ட கவர்தான் வேண்டும் என்று தையல்காரரிடம் காட்டிச் சொல்லுங்கள்.

மட் ஃபிளாப் விலைக்கு மேலே வேலை செய்கிற சாமான். முன்சில்லு எறிகிற கிறவல் கதவின் கீழ்விளிம்பில் பெயின்றைக் கொத்தும், அந்தப் புள்ளிகளில்தான் துரு தொடங்கும். அந்த மொடலுக்கென்று வருகிறதை வாங்கினால் ஏற்கெனவே இருக்கிற துளையில் பூட்டலாம். பொதுச் சாமானை வாங்கித் தகட்டில் துளை போட்டால் துருவுக்கு நாங்களே வாசல் திறந்து விட்டதாகும். பூட்டிய பிறகு ஸ்ரேரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக வெட்டி, சில்லு உரசுகிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

அடிப்பக்கப் பூச்சு எல்லாருக்கும் வேண்டியதில்லை. முல்லைத்தீவு, மன்னார், பூநகரி என்று உப்புக்காற்றுப் பக்கம் இருப்பவர்களுக்கு நல்லது. கறுப்புத் தார்ப்பூச்சு காய்ந்து வெடித்தால் உப்புத் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே பார்க்க அழகாக இருக்கும், உள்ளே தின்னும். மெழுகு வகை நல்லது, வருடத்துக்கு ஒருமுறை பார்த்துத் திருத்தலாம். கதவின் கீழேயும் சட்டத்திலும் இருக்கிற தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காமல், சைலன்சர், பிறேக், ரப்பர் புஷ், ஹைபிரிட்டின் செம்மஞ்சள் வயர் ஆகியவற்றில் படாமல் அடிக்கச் சொல்ல வேண்டும். ஷோரூமில் இதோடு சேர்த்துச் செரமிக் பூச்சையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கிணற்றுக் கல்நீர் காய்ந்து விடுகிற வெள்ளைப் புள்ளியைக் கழுவ அது கொஞ்சம் உதவும், கல்லடிக்கு உதவாது. கல்லடிக்கு வேண்டுமானால் பொனற்றின் முன்விளிம்புக்கு மட்டும் பாதுகாப்பு ஃபில்ம் போதும்.

புல் பார், அதாவது முன்னால் பூட்டுகிற இரும்புக் கம்பிச் சட்டம், வேண்டாம். முன்னால் இருக்கிற எயார்பாக் சென்சர், ராடர், கமரா எல்லாம் அந்த மூக்கின் அளவுக்குக் கணக்குப் போட்டவை. எல்இடி லைற் பாரும் வேண்டாம். மாடு படுத்திருக்கிற றோட்டில் தூரம் தெரிவது நல்லதுதான், எதிரே வருகிறவருக்குக் கண் கட்டிப்போகும். 2025 ஜனவரியில் பொலிஸார் கூடுதலாகப் பூட்டிய அலங்காரச் சாமான்களைக் கழற்ற வைத்ததையும் மறக்க வேண்டாம். சைட் ஸ்ரெப் முதியவர் ஏறுவதற்கு உதவும். ரொயோட்டா ரெய்ஸ் மாதிரித் தரை இடைவெளி 185 மில்லிமீற்றர் இருக்கிற சின்ன வாகனத்துக்கு அது இடைவெளியைக் குறைக்கிறது, அவ்வளவுதான். எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கிற ஸ்னோர்க்கல் குழாயும் அப்படியே. வட்டுவாகலில் தண்ணீர் பாலத்துக்கு மேலே ஓடினால் ஸ்னோர்க்கல் இருந்தாலும் திரும்பத்தான் வேண்டும்.

டாஷ் கமரா வாங்கலாம். வெயிலில் நிறுத்துகிற வாகனத்துக்கு உள்ளே லித்தியம் பற்றரி இருக்கிறது வேண்டாம், கப்பாசிற்றர் வகையைக் கேளுங்கள். கமராவுக்கான வயரை ஃபியூஸ் பெட்டியில், ஃபியூஸ் ராப் என்ற இணைப்பு முனையை வைத்து எடுக்க வேண்டும். தொழிற்சாலை வயரைச் சுரண்டி முறுக்கினால், பிறகு மின்கோளாறு வரும்போது வோரன்ரி தர மறுக்க அதுவே காரணமாகும்.

எலக்ட்ரிக் எஸ்யூவி என்றால் சார்ஜர் ஸ்ராண்டட்டா என்பதே பெரிய கேள்வி. 7 கிலோவாற் சுவர் சார்ஜர் 32 அம்பியர் இழுக்கும். வீட்டு இணைப்பு ஒற்றைக்கட்டம் 30 அம்பியர் என்றால் அது தாங்காது. கூடிய அம்பியர் இணைப்புக்கு மாற்ற வேண்டும், அல்லது சார்ஜரை 16 அம்பியருக்கு இறக்கி இரவு முழுக்க விட வேண்டும். 10 அம்பியர் கைச் சார்ஜர் இலவசமாக வந்தால் அது மணிக்கு 2.3 கிலோவாற்மணிதான் ஏற்றும்.

பேசி முடிந்ததும் எல்லாவற்றையும் புரோபோமா இன்வொய்ஸில் (வாங்க முதல் தருகிற விலைத்தாளில்) சாமான் வாரியாக, பெயரும் விலையும் போட்டு எழுதுவியுங்கள். "ஃபுல் ஒப்ஷன்" என்ற ஒரு சொல்லை ஏற்க வேண்டாம். லீசிங்கில் எடுக்கிறவர்கள் அக்சசரியைத் தவணைக்குள் சேர்த்தால் ரப்பர் மற்றுக்கும் வட்டி கட்டுவார்கள், அதைக் கைக்காசில் எடுங்கள். பிறகு பூட்டுகிற பெறுமதியான சாமானை இன்சூரன்ஸ் பத்திரத்தில் எழுதிச் சேர்த்தால்தான் விபத்திலோ களவிலோ அதற்குக் காசு கேட்கலாம். வாகனத்தை எடுக்கிற நாளில், பிளாஸ்ரிக் உறை கழற்ற முதல் ஜக், இழுக்கிற கொளுக்கி, பூட்டு நட்டின் சாவி, இரண்டாவது ஸ்மார்ட் சாவி நான்கையும் கையில் வாங்கிய பிறகே கையெழுத்து வையுங்கள்.