வீடு தேடிப் போவதா, மையத்துக்கு வரச் சொல்வதா?

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையோடு எப்படிப் பேசுவது, எதை வைத்து விளையாடுவது என்று பெற்றோருக்குச் சொல்லித்தரத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மூன்று வழிகள் உண்டு. வாராவாரம் வீட்டுக்கே போவது, எட்டுத் தாய்மாரை அங்கன்வாடியில் கூட்டுவது, வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவது. நாங்கள் தேர்ந்தது முதல் வழி.

வாட்ஸ்அப்பை இரண்டே வரியில் முடித்துவிடலாம். பகலில் போன் வீட்டில் இருக்காது; அப்பாவின் சட்டைப்பையில் ஏறி ஓசூர் சிப்காட்டுக்கோ பெங்களூர் கட்டட வேலைக்கோ போயிருக்கும்.

மையக் கூட்டத்தை அப்படித் தள்ள முடியாது. ஒரு வீட்டில் 45 நிமிடம், அடுத்த வீட்டுக்கு நடை 20 நிமிடம் என்றால் ஒரு பணியாளர் நாளுக்கு 4 வீடு பார்க்கலாம். 5 நாளில் 20 குழந்தைகள். அதே ஆள் நாளுக்கு 2 கூட்டம் நடத்தினால் வாரத்துக்கு 80. சம்பளம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒடிசாவில் 192 கிராமங்களில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை, செலவு மட்டும் குழு முறையில் வெகுவாகக் குறைவு. வீடு வீடாகப் போவதுதான் சரி என்று பேசுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

அப்படியும் எங்கள் பகுதிக்கு வீட்டுமுறையே பொருந்தும் என்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: விட்டுப்போகும் வாரங்கள். ஜமைக்காவில் 1980களில் மாதம் ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வாரம் ஒருமுறை என்று பிரித்து வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். மாதம் ஒருமுறை போனதில் பலனே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனதில் கொஞ்சம். வாராவாரம் போனதில்தான் நன்றாகத் தெரிந்தது. வாராவாரக் கூட்டத்துக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரும் தாய்க்குக் கிடைப்பது இரண்டு வார முறைதான். பதிவேட்டில் மட்டும் அது வாராந்திரக் கூட்டம்.

இங்கே ஏன் விட்டுப்போகிறது? தருமபுரிப் பக்கத்துக் கொட்டாய்களில் வீடுகள் ஊர்த் தெருவில் இல்லை, அவரவர் நிலத்தில் தனித்தனியே நிற்கின்றன. இடுப்பில் பிள்ளையோடு அங்கன்வாடிக்கு அரை மணி நடக்க வேண்டியிருக்கும். நூறு நாள் வேலை வந்தால் கூட்டம் காலி. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியின் கூழ் ஆலைகள் ஷிப்ட் போட்டு இழுத்துக்கொள்ளும். (சமுதாய வளைகாப்புக்கு மட்டும் நிற்க இடம் இருக்காது, அங்கே வளையலும் கலவை சாதமும் உண்டு.) இரண்டு வாரம் வராதவர் மூன்றாம் வாரம் கூச்சத்தால் வருவதில்லை. நின்றுபோகிறவர் பெரும்பாலும் கூலிக்குப் போகும் தாய்தான். அவர் பிள்ளைக்குத்தான் இது அதிகம் தேவை.

வீட்டுக்குப் போனால் தாய் இல்லாவிட்டாலும் ஆயா, அதாவது பாட்டி, இருப்பார்; தெலுங்கும் கன்னடமும் பேசும் தளி, அஞ்செட்டிப் பக்கம் என்றால் அவரை அவ்வா என்பார்கள். பகல் முழுக்கப் பிள்ளையை வைத்திருப்பவரும் அவர்தான். தெலுங்கோ கன்னடமோ அந்த வீட்டு மொழியிலேயே பேசலாம். மூன்று மொழிக்காரர்கள் உட்கார்ந்த கூட்டத்தில் அது நடக்காது. வீடு பூட்டியிருந்தால் சனிக்கிழமை போக வேண்டும். அதனால்தான் சனிக்கிழமைக்கு எந்த வீட்டையும் எழுதக் கூடாது. மேலாளர்கள் அந்த நாளையும் நிரப்பி 24 வீடு ஆக்குவார்கள். அத்தோடு முறையே சரியும்.

ஒரு வருகையின் வரிசை இது. போன வாரம் கொடுத்த விளையாட்டைச் செய்துகாட்டச் சொல்வது. புதியதை ஒருமுறை மட்டும் செய்து காட்டுவது. பிறகு பொருளை ஆயா கையிலோ தாய் கையிலோ கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்வது. அவர் சரியாகச் செய்த ஒன்றைப் பெயர் சொல்லிப் பாராட்டுவது: "பாப்பா கை காட்டினதும் 'கோழி'ன்னு சொன்னீங்க பாருங்க, அதாம்மா." புதிய பொம்மையை அங்கேயே வைத்துவிட்டுப் பழையதை வாங்கி, சோப்புத் தண்ணீரில் கழுவி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவது.

பொம்மைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சின்ன தண்ணீர் பாட்டிலில் ஒரு பிடி புளியங்கொட்டை போட்டால் கிலுகிலுப்பை. மூடியைப் பசை வைத்துத் திருகி மேலே டேப் சுற்ற வேண்டும். கழன்றால் கொட்டை தொண்டையில் அடைக்கும். தச்சுப் பட்டறையில் மிஞ்சும் கட்டையை 5 செ.மீ. சதுரமாக அறுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அடுக்குக் கட்டை. பெயிண்ட் வேண்டாம், பிள்ளை சப்பும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, பணியாளரே குழந்தையோடு நன்றாக விளையாடிவிட்டு வருவது. பிள்ளைக்குக் குஷி, ஆயா ஒன்றும் கற்கவில்லை. இன்னொன்று, திருப்பித் தர வேண்டிய பொருள் என்று பயந்து பொம்மையைப் பரண்மேல் வைத்துவிடுவது. "உடைஞ்சா உடையட்டும்மா, வேற செஞ்சு தரோம்" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நேரமும் முக்கியம். விடியற்காலை பூ பறிப்பு, மாலையில் பால் கறவை. 11 மணி வாக்கில் போனால் பிள்ளை விழித்திருக்கும், ஆயாவுக்கும் கை ஓய்ந்திருக்கும்.

மூன்று வயதுக்கு மேல் இந்த வாதம் எடுபடாது. பிள்ளையே அங்கன்வாடிக்கு வந்துவிடுவதால், கூட்டிக்கொண்டு போக வரும்போது பேசினால் போதும். ஓசூர் லைன் வீடுகளையும் சேர்த்துச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பத்து வீடு ஒரே முற்றத்தைப் பார்த்து நிற்கிற இடத்தில், முற்றத்திலேயே பாய் விரித்துக் கூட்டம் போடுவது மலிவு. விட்டுப்போனவரைக் கூப்பிட ஒரு குரல் கொடுத்தால் போதும்.